இழை எண்ணும் பாட்டிகள்

எங்கள் நார்த்தாமலையில் முத்துமாரியம்மன் திருவிழா என்றால், கடையில் வாங்கிய புத்தாடை உடுத்துவோம். நீலகிரியில் வாழும் தோடர் பழங்குடியினரோ, விசேஷ நாளில் போர்த்தும் சால்வைக்குத் தங்கள் கையாலேயே பூவேலை செய்கின்றனர். அதன் பெயர், 'பூத்துக்குளி!'

கெட்டியான வெள்ளைப் பருத்தித் துணி, சிவப்பு, கறுப்பு நூல், ஓர் ஊசி. இவ்வளவுதான் தேவை. துணியில் கோடு வரைவதில்லை. இழைகளை எண்ணி எண்ணியே தைப்பர். எண்ணிக்கை தவறினால் கோலம் கோணிவிடும். அவர்கள் புனிதமாகக் கருதும் எருமையின் கொம்பும் அதில் ஒரு வடிவம்.

இந்த வேலை பெண்களுடையது. பாட்டியும், அம்மாவும் தைக்கும்போது அருகில் அமர்ந்து, பார்த்துப் பார்த்தே சிறுமியர் கற்கின்றனர். இறந்தவரையும் இந்தச் சால்வை போர்த்தித்தான் வழியனுப்புவர்.

2011 கணக்கெடுப்பின்படி, தோடர்கள் சுமார் 2,000 பேரே. 2013ல் இக்கலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் பெயரை மற்றவர்கள் தவறாகப் பயன்படுத்தாமல் சட்டம் காக்கும். ஆனால், பாட்டியின் கணக்கைப் பேத்தி கற்றால்தான் கலை பிழைக்கும்.

கட்டம் போட்ட கணக்கு நோட்டில், கட்டங்களை எண்ணிச் சிவப்பு, கறுப்பில் ஒரு கோலம் போட்டுப் பாருங்கள். அந்தச் சிறுமியரின் பொறுமை புரியும்!