கணக்குக்கும் விதைநெல் வேண்டும்

2023 ஆகஸ்ட் இறுதியில் இலங்கை அரசின் கணனி வலையமைப்புக்குள் கப்பம் கோரும் நாசகார மென்பொருள் புகுந்தது. அரச அலுவலகங்களின் சுமார் 5,000 மின்னஞ்சல் முகவரிகளில் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரை சேர்ந்திருந்த கடிதங்கள் மீளப் பெற முடியாது போயின. பிரதிகள் இருக்கவில்லையா? இருந்தன. ஆனால் தாக்குதல் அவற்றையும் எட்டிப் பூட்டிவிட்டது. அஞ்சல்களைக் கையாண்ட மென்பொருளோ 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. அதற்கான பாதுகாப்புத் திருத்தங்களை உற்பத்தி நிறுவனம் 2023 ஏப்ரலிலேயே நிறுத்தியிருந்தது.

இது கொழும்பின் பிரச்சினை என்று நாம் இருந்துவிடலாமா? எமது வாவிக் கரைகளிலும் மாதர் சங்கச் சேமிப்பு, விவசாயக் கடன் முதலிய கணக்குகள் கணனிக்கு மாறி வருகின்றன. அவை அழிந்தால், யார் எவ்வளவு கட்டினார் என்பதற்குச் சாட்சி ஏது? 1978 சூறாவளியிலும் 2004 சுனாமியிலும் பத்திரங்களை இழந்து அலைந்த மக்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

புதிய கணனி வாங்குவதைவிடப் பிரதி எடுப்பதே முதற் கடமை என்பது எமது கருத்து. வாரந்தோறும் கணக்கைப் பென் டிரைவில் பதிந்து, உடனே கழற்றி எடுங்கள். கணனியோடு தொடர்பற்ற பிரதியை அந்த மென்பொருள் தொட முடியாது. கடவுச்சொல் இட்டு, எழுவான்கரைச் சங்கம் படுவான்கரையிலும், படுவான்கரைச் சங்கம் எழுவான்கரையிலும் ஒரு பிரதியை வைத்தல் நன்று. மாதம் ஒருமுறை வேறொரு கணனியில் திறந்து பாருங்கள். திறபடாத பிரதி பிரதியல்ல.

விதைநெல்லை உணவு நெல்லோடு கலந்து வைக்கும் விவசாயி எம்மிடையே இல்லை. கணக்குக்கும் அதே நியாயந்தான். அடுத்த பொதுக்கூட்டத்தில் ஒவ்வோர் அங்கத்தவரும் கேட்கட்டும்: "எமது கணக்கின் பிரதி எங்கே இருக்கிறது?"