முப்பது சீர்களும் ஒரு மரமும்



ஆசிரியப் பணியிலிருந்த காலத்தில், சீர்களின் வாய்பாடுகள் முப்பதையும் பிரம்பைக் காட்டி மனப்பாடம் செய்வித்தவன் நான். அவை முப்பதாக இருப்பது ஏன் என்று ஒரு மாணவனும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. ஓய்வு பெற்றபின், நந்தனத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில்தான் அந்தக் கேள்வி எழுந்தது.

கல்லூரியில் கணினி பயிலும் என் பேத்தி ஒருநாள் மாலை முகம் வாடி அமர்ந்திருந்தாள். மறுநாள் தேர்வு. "மரத்தில் எத்தனை கணுக்கள் என்று எண்ண வேண்டும், தாத்தா. என் நிரல் பாதியிலேயே பிழை காட்டி நின்றுவிடுகிறது" என்றாள். அவள் வரைந்திருந்த படத்தில் ஒவ்வொரு கணுவிலிருந்தும் இரண்டுக்கு மேற்படாத கிளைகள் பிரிந்தன. இரும மரம் என்பது அதன் பெயராம். எனக்கோ அது அமிதசாகரரின் யாப்பருங்கலக் காரிகையில் பழகிய மரமாகவே தோன்றிற்று.

எவ்வாறெனில், அசை நேர், நிரை என இரண்டே. வேரிலிருந்து நேர் ஒரு கிளை, நிரை ஒரு கிளை. நாள், மலர் என ஓரசைச் சீர்கள் 2. நாள் என்பது தேமா, கூவிளம் எனவும், மலர் என்பது புளிமா, கருவிளம் எனவும் பிரிய, ஈரசைச் சீர்கள் 4. அவற்றோடு நேர் சேரின் காய், நிரை சேரின் கனி, ஆக 8. அதற்கடுத்த நிலையில் தண்பூ, நறும்பூ, தண்ணிழல், நறுநிழல் என முடிவன 16.

இனி எண்ணும் முறையைக் கேளுங்கள். வேரில் நிற்பவன் மரம் முழுவதையும் தானே எண்ணப் புகுவதில்லை. தன் இரு கிளைகளையும் "உங்களிடம் எத்தனை?" என வினவுகிறான், வரும் விடைகளைக் கூட்டித் தனக்காக 1 சேர்க்கிறான். கிளையில் நிற்பவனும் தன் கிளைகளிடம் அதே வினாவைத்தான் விடுக்கிறான். இதுவே தற்சுழற்சி.

ஆயின், நுனியில் என் செய்வது? "கிளை இல்லையேல் விடை சுழி" என்று ஒரு விதி வேண்டும். பேத்தி விட்டுவிட்டது அந்த ஒரு வரியே. இல்லாத கிளையிடம் சென்று, "உன் கிளைகள் எங்கே?" என்று கேட்டுத் திகைத்து நின்றது அவள் நிரல்!

வரியைச் சேர்த்தாள். நாலசைச் சீர் ஒவ்வொன்றும் 1 என்றது. மூவசையில் 1+1+1 ஆக 3; ஈரசையில் 7; ஓரசையில் 15; வேரில் 31.

"நூலில் 30 அல்லவா, தாத்தா?"

"வேரில் அசையே இல்லையே அம்மா, அது எப்படிச் சீராகும்?" என்றேன். 1 நீங்க, 30.

பிறகு நான் ஒரு கணக்குக் கொடுத்தேன். வெண்பாவில் கனிச்சீர் புகாது. நாலசைச் சீரும் வாராது. ஈற்றுச் சீர் நீங்கலான இடங்களில் வரத்தக்க சீர்கள் எத்தனை? காய் ஒவ்வொன்றும் நுனி, விடை 1. ஈரசையில் தனக்கு 1, காய்க் கிளைக்கு 1, வெட்டுண்ட கனிக் கிளைக்குச் சுழி, ஆக 2. ஈரசைச் சீர்கள் நான்காதலின் 8. நிரலில் ஓர் எழுத்தும் மாற்ற வேண்டியிருக்கவில்லை, மரத்தைத்தான் கத்தரித்தோம்.

ஈற்றுச் சீரின் செய்தி வேறு. நாள், மலர் நம் மரத்தில் உள்ளவை. காசு, பிறப்பு என்பன உகரம் பெற்று முடிபவை. அவற்றுக்கு எந்தக் கணுவில் எத்தகைய கிளை வரைய வேண்டும் என்பதை உங்கள் ஏட்டில் வரைந்து பாருங்கள்.