பொட்டலம் வந்தாச்சு... கூடவே பில் எதுக்கு?

வெளிநாட்டு இணையக் கடையில் காலணி வாங்கினீர்கள். காசும் கட்டியாச்சு. பிறகு கூரியர் நிறுவனம் இன்னொரு பில் அனுப்புகிறது. ஏன்?

பில்லை நன்றாகப் பாருங்கள். அதில் இரண்டு தொகை இருக்கும்.

வரி

விமானம் அல்லது அஞ்சல்வழி வரும் பொருளின் மதிப்பு 400 வெள்ளியைத் தாண்டினால், சிங்கப்பூருக்குள் வரும்போது 9% பொருள், சேவை வரி உண்டு. அனுப்பும் செலவும் காப்புறுதியும் அந்த மதிப்பில் சேரும். காலணி 420 வெள்ளி, அனுப்ப 30 வெள்ளி என்றால் மொத்தம் 450. முழுத் தொகைக்கும் வரி: 40 வெள்ளி 50 காசு.

400 வெள்ளிக்குள் என்றால், வரிக்குப் பதிவுசெய்த கடைகள் 2023 முதல் வாங்கும்போதே அதை வசூலிக்கின்றன.

கையாளும் கட்டணம்

உங்களுக்காக வரியை முதலில் கட்டுவது பெரும்பாலும் கூரியர் நிறுவனம். அந்த வேலைக்கு அது கேட்கும் காசுதான் இது. அரசாங்கத்துக்குப் போகாது, நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

என்ன செய்யலாம்?

• வாங்கும் முன்பே கேளுங்கள்: விலையில் வரி, கட்டணம் எல்லாம் அடங்குமா?

• கடையிலேயே வரி கட்டிவிட்டீர்களா? ரசீதை வைத்திருங்கள். மறுபடி கேட்டால் காட்டலாம்.

• குறுஞ்செய்தியில் வரும் இணைப்பைத் தட்டிக் காசு கட்டாதீர்கள். மோசடியாக இருக்கலாம். கூரியர் நிறுவனத்தின் இணையத்தளத்துக்கு நீங்களே போய்ப் பொட்டல எண்ணைப் போட்டுப் பாருங்கள். சந்தேகமா? 1799-ஐ அழையுங்கள்.