கப்பல் ஏன் காத்திருப்பதில்லை?

நகர்ந்துவிட்ட பேருந்தை ஓடிச்சென்று பிடித்துவிடலாம்; ஓட்டுநர் இரக்கப்பட்டு நிறுத்துவதும் உண்டு. ரயிலைத் தவறவிட்டால் அடுத்த ரயில் வரும். சொகுசுக் கப்பலைத் தவறவிட்டவரின் நிலை வேறு. அவருடைய உடைமைகளும் அன்றாட மருந்துகளும், சில வேளைகளில் கடவுச்சீட்டும்கூட, கப்பலோடு கடலில் சென்றுகொண்டிருக்கும். அவர் மட்டும் அந்நிய மண்ணில் நின்றுகொண்டிருப்பார்.

2024 மார்ச் மாத இறுதியில் எட்டுப் பேருக்கு இந்த நிலை ஏற்பட்டது. தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனிலிருந்து ஸ்பெயினின் பார்சிலோனா நோக்கிச் சென்ற 'நார்வீஜியன் டான்' என்ற கப்பல், வழியில் சாவோ டோமே தீவருகே நங்கூரமிட்டது. பயணியர் சிறு படகுகளில் கரைக்குச் சென்று திரும்ப வேண்டும். தனியார் சுற்றுலா ஒன்றில் சென்றிருந்த ஆறு அமெரிக்கர்களும் இரண்டு ஆஸ்திரேலியர்களும் கடைசிப் படகைத் தவறவிட்டனர். உள்ளூர்க் கடலோரக் காவல் படையினர் தங்கள் படகில் அவர்களைக் கப்பலருகே அழைத்துச் சென்றும் ஏற அனுமதி கிடைக்கவில்லை. அவர்கள் வேறு நாடுகளின் வழியாக காம்பியாவுக்குச் சென்றனர். கடல்நிலை காரணமாகக் கப்பல் அங்கு கரையணையவில்லை. அடுத்து செனகலின் டக்கார் நகருக்குச் செல்ல நேர்ந்தது. முதியோரும் கர்ப்பிணி ஒருவரும் அக்குழுவில் இருந்ததாகச் செய்திகள் வெளியாயின.

இது மனிதநேயமற்ற செயல் என்றனர் சிலர். நேரம் தவறியவர்களே குற்றவாளிகள் என்றனர் வேறு சிலர். இரு தரப்பினரும் கவனிக்கத் தவறியது, அந்தக் காலக்கெடு எதற்காக இருக்கிறது என்பதை.

கப்பல் பயணத்தில் கெடு இருவகைப்படும். பயணம் தொடங்கும் துறைமுகத்தில், புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் அல்லது அதற்கும் முன்பாகவே பதிவு முடிக்கப்படும். இடைவழித் துறைமுகங்களில் இறங்கிச் சுற்றிப் பார்ப்பவர்கள், பொதுவாகப் புறப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன்பு கப்பலுக்குத் திரும்பியிருக்க வேண்டும். அச்சிடப்பட்ட புறப்பாட்டு நேரத்தைக் கெடுவாகக் கருதிக்கொள்பவர்களே பெரும்பாலும் ஏமாறுகிறார்கள். கப்பலின் கடிகாரமும் கரையின் கடிகாரமும் சில துறைமுகங்களில் வேறுபடும் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை.

இக்கெடுவுக்கான முதல் காரணம் சட்டம். அமெரிக்கத் துறைமுகங்களிலிருந்து வெளிநாடு செல்லும் கப்பல்கள், பயணியர் பட்டியலைப் புறப்பாட்டுக்கு 60 நிமிடங்களுக்கு முன்பே அந்நாட்டுச் சுங்கத் துறைக்கு மின்னணு முறையில் அனுப்பியாக வேண்டும். அதன்பின் வருபவரை ஏற்றுவது கப்பல் தலைவரின் விருப்பத்தைப் பொறுத்ததன்று. அடுத்த துறைமுகத்தில் ஏறிக்கொள்ளவும் எப்போதும் வழியிருக்காது. வெளிநாட்டுக் கொடி தாங்கிய கப்பல் ஓர் அமெரிக்கத் துறைமுகத்தில் ஏற்றிய பயணியை, இடையில் தொலைதூர வெளிநாட்டுத் துறைமுகம் எதையும் தொடாமல், மற்றோர் அமெரிக்கத் துறைமுகத்தில் இறக்குவதை 1886-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. மீறினால் பயணி ஒருவருக்கு இவ்வளவு என அபராதம் உண்டு.

இரண்டாவது காரணம் பாதுகாப்பு. 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியின் சிவிட்டவேக்கியா துறைமுகத்திலிருந்து புறப்பட்ட 'கோஸ்டா கான்கார்டியா' கப்பல், மூன்று மணி நேரத்துக்குள் ஜீலியோ தீவருகே பாறையில் மோதியது. 32 பேர் உயிரிழந்தனர். அன்று புதிதாக ஏறியிருந்த நூற்றுக்கணக்கானோருக்கு அவசரகாலப் பயிற்சி அளிக்கப்பட்டிருக்கவில்லை. பயணியர் ஏறிய 24 மணி நேரத்துக்குள் பயிற்சி அளித்தால் போதும் என்பதே அன்றைய பன்னாட்டு விதி. விபத்துக்குப் பிறகு, கப்பல் புறப்படும் முன்பே, அல்லது புறப்பட்ட உடனேயே அளிக்க வேண்டும் என்று விதி திருத்தப்பட்டு, 2015 முதல் நடைமுறைக்கு வந்தது. கப்பலில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற சரியான கணக்கும் புறப்படும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். கெடுவுக்கும் புறப்பாட்டுக்கும் இடைப்பட்ட நேரம் இப்பணிகளுக்கு உரியது.

மூன்றாவது காரணம் பொருளாதாரம். 'ஐகான் ஆஃப் த சீஸ்' கப்பலில் அறைக்கு இருவர் என்ற கணக்கில் 5,610 பேர் பயணம் செய்யலாம். ஒருவருக்காக அக்கப்பல் பத்து நிமிடம் காத்திருந்தால், பயணியர் இழக்கும் மொத்த நேரம் 935 மணி, அதாவது ஏறத்தாழ 39 நாள். வழிகாட்டி மாலுமியும் இழுவைப் படகும் குறித்த நேரத்துக்கே அமர்த்தப்பட்டிருக்கும். அடுத்த கப்பல் அதே இடத்துக்காகக் காத்திருக்கும். தாமதத்தை ஈடுகட்ட வேகத்தைப் பத்து விழுக்காடு கூட்டினால், மணிக்குச் செலவாகும் எரிபொருள் தோராயமாக மூன்றில் ஒரு பங்கு கூடும். ஒருவர் செய்யும் தாமதத்தின் விலையை மற்றவர்கள் கொடுக்கும் நிலையைப் பொருளியலில் 'புறவிளைவு' என்கிறோம்.

'ஒருமுறை விட்டுக்கொடுத்தால் என்ன?' என்று கேட்கலாம். இக்கேள்விக்கான விடை ஃபின் கிட்லண்ட், எட்வர்ட் பிரெஸ்காட் ஆகியோர் 1977-இல் வெளியிட்ட ஆய்வில் இருக்கிறது. பொருளியலுக்கான 2004-ஆம் ஆண்டு நோபல் பரிசை இவ்விருவரும் பெற்றனர். அந்தந்த நேரத்தில் நியாயமாகத் தோன்றும் விதிவிலக்கு, விதியின் மீதுள்ள நம்பிக்கையையே அழித்துவிடும் என்பது அவர்கள் வாதத்தின் சாரம். கப்பல் காத்திருக்கும் என்று தெரிந்துவிட்டால், நாளை எட்டுப் பேர் எண்பது பேராவார்கள். கெடுவை மதித்து ஓடி வந்தவரே ஏமாளியாவார்.

ஆகவே கண்டிப்பு தேவை என்பதில் எனக்கு ஐயமில்லை. அந்தக் கண்டிப்பு எல்லோருக்கும் ஒரே அளவில் இல்லை என்பதே என் குறை. தாங்கள் விற்கும் சுற்றுலாவில் சென்றவர்கள் தாமதமானால் கப்பல் நிறுவனங்கள் காத்திருக்கின்றன. இயலாவிட்டால் அடுத்த துறைமுகத்துக்குத் தம் செலவில் அனுப்பிவைக்கின்றன. குறைந்த கட்டணத்தில் உள்ளூர்க்காரரின் வண்டியில் சென்றவருக்கு அந்த உறுதி இல்லை. நிறுவனம் தன் பொறுப்பில் உள்ள சுற்றுலாவுக்குப் பொறுப்பேற்பது முறையே. அதனால் அதன் கூடுதல் கட்டணத்தில் ஒரு பகுதி காப்பீட்டுக் கட்டணம் போன்றது. ஆயினும், அந்தக் காப்பீட்டைத் தனியே விலைகொடுத்து வாங்க முடியாதபோது, அச்சமே விற்பனைக் கருவியாகிவிடுகிறது. உள்ளூர்ச் சிறு வணிகரும் இதனால் வாடிக்கையாளரை இழக்கிறார்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2010-ஆம் ஆண்டு விதிமுறை, கப்பல் புறப்பட 90 நிமிடங்களுக்கு மேல் தாமதமானால் துறைமுகத்தில் காத்திருக்கும் பயணியருக்குச் சிற்றுண்டியோ உணவோ வழங்க வேண்டும் என்கிறது. நிறுவனத்தின் தாமதத்துக்குச் சிற்றுண்டி. பயணியின் தாமதத்துக்கு அந்நிய நாட்டில் அலைச்சல். இரண்டு தண்டனைகளுக்கும் இடையே எவ்வளவு தொலைவு!

கப்பலை நிறுத்தாமலேயே இந்த இடைவெளியைக் குறைக்க முடியும். கெடு நேரத்தைக் கப்பலின் நேரத்திலும் கரையின் நேரத்திலும் எழுதி ஒவ்வொரு பயணியிடமும் கொடுக்கலாம். வராதவர்களின் கடவுச்சீட்டை எடுத்துத் துறைமுக முகவரிடம் ஒப்படைப்பது பல நிறுவனங்களின் வழக்கம். சாவோ டோமேயிலும் அவ்வாறே செய்ததாக அந்நிறுவனம் தெரிவித்தது. அத்துடன் அவசிய மருந்துகளையும் ஒப்படைப்பதைக் கட்டாயக் கடமையாக்கலாம். தனியார் சுற்றுலா செல்வோருக்கு அடுத்த துறைமுகம் வரையிலான பயணச் செலவைத் தரும் காப்பீட்டை நியாயமான விலையில் விற்கலாம். பயணியரும் கடவுச்சீட்டின் நகல், ஒரு நாளுக்கான மருந்து, முகவரின் தொலைபேசி எண் ஆகியவை இல்லாமல் கரையிறங்கக் கூடாது.

இது நமக்குத் தொடர்பில்லாத செய்தியன்று. சென்னையிலிருந்து புறப்படும் சொகுசுக் கப்பலை 2022 ஜூனில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்தார். மறு ஆண்டு சென்னையிலிருந்து இலங்கைக்குக் கப்பல் சென்றது. 2024 செப்டம்பரில் மத்திய அரசு 'குரூஸ் பாரத்' இயக்கத்தைத் தொடங்கியது. முதன்முறையாகக் கப்பலேறும் நடுத்தரக் குடும்பங்கள் இனிப் பெருகும். பயணச்சீட்டின் பின்பக்கத்துச் சிறு எழுத்துகளை அவர்கள் படித்திருப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. விபத்து நேர்ந்த பின்னர் விதி வகுப்பதே உலக வழக்கமாக இருந்துவருகிறது; நம் கப்பல் துறைக்கு அதை முன்கூட்டியே செய்யும் வாய்ப்பு இருக்கிறது.

கெடு தவறியவருக்காகக் கப்பல் காத்திருக்க வேண்டியதில்லை. அவர் பத்திரமாக வீடு திரும்ப வழிசெய்துவிட்டுப் புறப்படுவதற்குப் பெரிய செலவும் ஆகாது.