கம்ப்யூட்டராக வேலை பார்த்தவர்கள்

ஆலன் டூரிங் 1936-ல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் ‘கம்ப்யூட்டர்’ என்ற சொல் வருகிறது. இன்றைய கணினியியலுக்கு அடித்தளம் போட்ட கட்டுரை அது. ஆனால் அதில் வரும் கம்ப்யூட்டர், கட்டம் போட்ட தாளில் எண்களை எழுதிக் கணக்குப் போடும் ஓர் ஆள். அன்றைக்கு ஆங்கிலத்தில் அந்தச் சொல் முதன்மையாகக் குறித்தது மனிதரைத்தான்.

அச்சில் இது 1613-லேயே, ரிச்சர்ட் பிராத்வெய்ட் எழுதிய நூலில் தென்படுகிறது. மூலம் லத்தீன். ‘கம்ப்யூடாரே’வுக்குள் இருக்கும் ‘புடாரே’ என்பது முதலில் கவாத்து செய்வதை, அதாவது கிளையைக் கழித்துச் சீராக்குவதைக் குறித்தது. பிறகு கணக்கை நேர்செய்வதையும் எண்ணிப் பார்ப்பதையும் குறிக்கலாயிற்று. காலை வெட்டியெடுக்கும் ‘ஆம்புடேஷ’னும் இதே வேரில் முளைத்ததுதான்.

18-ம் நூற்றாண்டில் ‘கம்ப்யூட்டர்’ ஓர் உத்தியோகத்தின் பெயராக ஊன்றிவிட்டது. நடுக்கடலில் தீர்க்கரேகையைக் கண்டுபிடிக்க மாலுமிகளுக்கு நிலவின் இருப்பைச் சொல்லும் பட்டியல்கள் தேவைப்பட்டன. 1767-ம் ஆண்டுக்கான முதல் நாட்டிகல் அல்மனாக்கை வெளியிட்ட நெவில் மாஸ்கலின், அந்தக் கணக்குகளைப் பல ஊர்களில் இருந்த கம்ப்யூட்டர்களுக்கு அனுப்பிவைத்தார். அவர்கள் வீட்டிலிருந்தே போட்டு அனுப்பினார்கள். ஒரே மாதக் கணக்கை இருவர் தனித்தனியாகப் போட வேண்டும், மூன்றாமவர் ஒப்பிடுவார். லட்லோ என்ற ஊரில் மேரி எட்வர்ட்ஸ் பல ஆண்டுகள் கணவர் பெயரில் இந்த வேலையைச் செய்தார். 1784-ல் கணவர் இறந்த பிறகுதான் அது அவர் பெயருக்கு வந்தது.

நம் நாட்டிலும் இந்தப் பதவி இருந்தது. 1802-ல் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய மாபெரும் நில அளவைப் பணியில், 1831-ல் ராதாநாத் சிக்தார் என்ற வங்க இளைஞர் கம்ப்யூட்டராகச் சேர்ந்தார். மாதச் சம்பளம் 30 ரூபாய். பின்னர் கல்கத்தாவில் தலைமைக் கம்ப்யூட்டரானார். பதினைந்தாம் சிகரம் என்று மட்டும் குறிக்கப்பட்டிருந்த மலை 29,002 அடி உயரம் என்று கண்ட கணக்கில் பெரும்பங்கு அவருடையது. மலைக்குச் சூட்டப்பட்டதோ, 1843-லேயே ஓய்வுபெற்றுவிட்ட சர்வேயர் ஜெனரல் ஜார்ஜ் எவரெஸ்டின் பெயர். இதை எப்போது படித்தாலும் எனக்கு மனம் ஆறுவதில்லை.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவம், பீரங்கிக் குண்டின் பாதையைக் கணக்கிடப் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் இளம்பெண்களைக் கம்ப்யூட்டர்களாக அமர்த்தியது. மேசைக் கணக்குப் பொறியை வைத்துக்கொண்டு ஒரே ஒரு பாதையைப் போட்டு முடிக்க 30 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதை நொடிகளில் முடிக்க அங்கேயே சுமார் 18,000 வெற்றிடக் குழாய்களோடு ஓர் இயந்திரம் கட்டினார்கள். அதுதான் எனியாக். அந்தப் பெயரின் கடைசி எழுத்து கம்ப்யூட்டரைக் குறிக்கிறது.

அந்த இயந்திரத்துக்கு வேலை சொல்லிக்கொடுக்க ஆறு பெண் கம்ப்யூட்டர்களையே தேர்ந்தெடுத்தார்கள்: கேத்லீன் மெக்நல்டி, பெட்டி ஜீன் ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்காஃப், பிரான்சிஸ் பிலாஸ், ரூத் லிக்டர்மேன். ராணுவ ரகசியம் என்பதால் தொடக்கத்தில் இயந்திரத்தைப் பார்க்கக்கூட அனுமதியில்லை. வரைபடங்களை மட்டும் கொடுத்தார்கள். கணினி மொழி என்று எதுவும் இல்லாத காலம். எந்தக் கம்பியை எங்கே செருகுவது, எந்தச் சுவிட்சைத் திருப்புவது என்று தாங்களாகவே படித்துக் கண்டுபிடித்தார்கள். 1946 பிப்ரவரியில் நடந்த அறிமுக விழாவில், குண்டு இலக்கை அடைவதற்கு முன்பே அதன் பாதையை எனியாக் கணித்துக் காட்டியது. பார்த்தவர்கள் மலைத்துப்போனார்கள். அந்தக் கணக்கை இயந்திரத்தில் ஏற்றியவர்கள் இந்தப் பெண்கள்தான். அன்றிரவு நடந்த விருந்துக்கு அவர்களுக்கு அழைப்பில்லை என்று ஜென்னிங்ஸ் பின்னாளில் சொன்னார்.

அதன் பிறகு ‘கம்ப்யூட்டர்’ என்ற சொல் மனிதரிடமிருந்து இயந்திரத்துக்கு வேகமாகக் கைமாறியது. அந்தப் பெண்களோ மறக்கப்பட்டார்கள். பழைய படங்களில் எனியாக் அருகே நிற்கும் பெண்கள் யார் என்று 1980-களில் கேத்தி கிளைமன் என்ற மாணவி விசாரித்தபோது, அழகுக்காக நிறுத்தப்பட்ட மாடல்கள் என்று பதில் வந்தது. அவர் விடாமல் தேடிப் போய் அவர்களைக் கண்டுபிடித்தார். 1997-ல் ஆறு பேரும் தொழில்நுட்பப் பெண்களுக்கான சர்வதேசப் புகழ்மன்றத்தில் சேர்க்கப்பட்டார்கள். ரூத் லிக்டர்மேன் 1986-லேயே காலமாகியிருந்தார்.