முடக்கிய ஆணையை எழுத்தில் கேளுங்கள்

உங்கள் எக்ஸ் கணக்கு இந்தியாவில் முடக்கப்பட்டது என்று மின்னஞ்சல் வருகிறது. உடனே பலர் பதிவை அழிக்கிறார்கள், வேறு பெயரில் கணக்கு தொடங்குகிறார்கள். "அரசோடு மோத முடியுமா" என்று அத்தோடு கதை முடிகிறது. இதையே திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். பதிவை அழிக்காதீர்கள். அதுதான் உங்கள் கையில் இருக்கும் சான்று.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவு நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, வெளிநாட்டு நல்லுறவு, பொது ஒழுங்கு போன்ற சில காரணங்களுக்காகத்தான் முடக்க அனுமதிக்கிறது. அமைச்சரைக் கேலி செய்வது அந்தப் பட்டியலில் இல்லை. 2015இல் ஸ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவைச் செல்லும் என்றதே, காரணம் எழுத்தில் பதியப்படும், அதை எதிர்த்து உயர் நீதிமன்றம் போகலாம் என்ற பாதுகாப்புகள் இருந்ததால்தான். ஆனால் 69ஏ பிரிவுக்கான 2009 விதிகளின் 16ஆம் விதி ரகசியம் காக்கச் சொல்கிறது என்று அதிகாரிகள் ஆணையையே மறைக்கிறார்கள். கண்ணில் காட்டாத ஆணையை ஒருவர் எப்படி எதிர்ப்பார்? முடக்குவதைவிட இந்த மறைப்புதான் பெரிய அநியாயம்.

2025 பிப்ரவரியில் விகடன் இணையதளம் திறக்காமல் போனது. காரணம் ஒரு கேலிச்சித்திரம். முடங்கியதோ மொத்தத் தளமும். முறையான அறிவிப்பு எதுவும் வரவில்லை என்றது அந்நிறுவனம். வழக்குப் போட்ட பிறகே, படத்தைத் தற்காலிகமாக நீக்கும் நிபந்தனையோடு சென்னை உயர் நீதிமன்றம் மார்ச் மாதம் தளத்தைத் திறக்கச் சொன்னது.

உங்கள் கணக்கு முடங்கினால், முதலில் முடக்கியது யார் என்று பாருங்கள். எக்ஸ் தளமே தன் விதிப்படி நீக்கியிருந்தால் அதன் குறைதீர் அலுவலரிடம் புகார் கொடுங்கள். 24 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, 7 நாளில் தீர்க்க வேண்டும். முடிவு பிடிக்காவிட்டால் 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம். அரசு ஆணையால் முடங்கியிருந்தால் இந்த வழியில் காலத்தை வீணாக்க வேண்டாம்.

அரசு ஆணை என்றால், முடங்கிய பக்கத்தை இணைப்பு முகவரி, தேதி, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். வந்த மின்னஞ்சலைத் தலைப்பு விவரங்களோடு சேமியுங்கள். எந்தப் பிரிவு, எந்த அதிகாரி என்று தளத்திடம் எழுத்தில் கேளுங்கள். அதே சட்டத்தின் 79ஆம் பிரிவைக் காட்டிக் காவல்துறையும் தளத்துக்கு நோட்டீஸ் அனுப்புகிறது. 2025 நவம்பர் 15 முதல் டிஐஜி பதவிக்குக் குறையாத, அதற்கென நியமிக்கப்பட்ட அதிகாரிதான் அதை அனுப்ப முடியும். எந்தச் சட்டம், எந்த இணைப்பு என்று அதில் சொல்லியாக வேண்டும்.

69ஏ என்று பதில் வந்தால், மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் நியமன அலுவலருக்குப் பதிவுத் தபால் அனுப்புங்கள். முகவரி: எலெக்ட்ரானிக்ஸ் நிகேதன், 6, சிஜிஓ காம்ப்ளெக்ஸ், லோதி சாலை, புது தில்லி 110003. செய்தித்தளம் என்றால் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்கு எழுதுங்கள். ஆணையின் நகலும் நேரில் விளக்கம் சொல்ல வாய்ப்பும் வேண்டும் என்று இரண்டையும் கேளுங்கள். பதிலளிக்கக் குறைந்தது 48 மணி நேரம் தர வேண்டும் என்கிறது அதே 2009 விதிகளின் 8ஆம் விதி. ஒப்புகை அட்டையைத் தொலைக்காதீர்கள். வரதட்சணையைக் கிண்டல் செய்த ஓர் இணையதளத்தை முடக்கிய வழக்கில், உரிமையாளருக்கு நகலும் விசாரணையும் தரும்படி தில்லி உயர் நீதிமன்றம் 2022இல் உத்தரவிட்டிருக்கிறது. அதைக் கடிதத்தில் குறிப்பிடுங்கள்.

கூடவே 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமை மனுவும் போடுங்கள். மறுப்பார்கள், தெரிந்ததுதான். மறுப்பு எழுத்தில் வந்தாலே அது உங்களுக்கு ஆவணம். முதல் மேல்முறையீட்டுக்கு 30 நாள் கெடு. அதைத் தவறவிடாதீர்கள்.

எதுவும் நடக்காவிட்டால் அரசியலமைப்பின் 226ஆம் பிரிவின்கீழ் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. பாதிப்பு தமிழ்நாட்டில் நேர்ந்ததைக் காட்டினால் சென்னையிலோ மதுரைக் கிளையிலோ தாக்கல் செய்யலாம், தில்லிக்கு ஓட வேண்டியதில்லை. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பாராமல் இலவச வழக்கறிஞர் உண்டு; உயர் நீதிமன்றச் சட்டப் பணிகள் குழுவில் விண்ணப்பியுங்கள். வழக்கறிஞரிடம் போகும்போது ஸ்கிரீன்ஷாட், மின்னஞ்சல், ஒப்புகை அட்டை மூன்றும் கையில் இருக்கட்டும். அதுவரை பதிவை அழிக்காதீர்கள்.