புலனாய்வுச் செய்தியில் பொதுமக்களின் பங்கு

புலனாய்வுச் செய்தி ஊடகவியலாளரின் வேலை மட்டுமே என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். நான் அப்படி நினைக்கவில்லை. லண்டனில் நடந்த ஒரு சம்பவமே அதற்குக் காரணம்.

2009 ஏப்ரல் 1ஆம் திகதி, ஜி20 மாநாட்டுக்கு எதிரான ஆர்ப்பாட்டத்தின் நடுவே, வீடு திரும்பிக்கொண்டிருந்த பத்திரிகை விற்பனையாளர் இயன் டொம்லின்சன் வீதியில் விழுந்து உயிரிழந்தார். மாரடைப்பு என்றது முதல் பிரேத பரிசோதனை. பொலிஸாரின் முதல் அறிக்கையில் அவர்களது கை பட்டதாக ஒரு சொல்லும் இல்லை.

கார்டியன் பத்திரிகையின் போல் லூயிஸ் அதோடு நிற்கவில்லை. அங்கு நின்றவர்களை இணையத்தின் ஊடாகவும் தேடினார். ஒரு வாரத்துக்குள், நியூயோர்க்கிலிருந்து வந்திருந்த ஒருவர் எடுத்த வீடியோ கிடைத்தது. பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர் டொம்லின்சனைப் பின்னாலிருந்து தள்ளி வீழ்த்துவது அதில் தெரிந்தது. 2011இல் மரண விசாரணை ஜூரிகள் இதைச் சட்டவிரோதக் கொலை என்றனர். 2012இல் அந்த உத்தியோகத்தர் ஆட்கொலைக் குற்றச்சாட்டிலிருந்து விடுதலையானார். எனினும் பணியிலிருந்து நீக்கப்பட்டார்.

சாட்சி மக்களிடம் இருந்தது. அதைத் தேடிச் சரிபார்த்தது ஊடகம். ஆகவே, உங்கள் கையில் இப்படியொரு பதிவு கிடைத்தால் அவசரப்பட்டு வட்ஸ்அப்பில் பரப்பாதீர்கள். வெட்டாமல், அழிக்காமல், எடுத்த நேரத்தையும் இடத்தையும் குறித்து, நம்பகமான ஊடகவியலாளரிடம் கொடுங்கள். வதந்தியாகக் கரைந்து போகக்கூடிய உண்மை அப்போதுதான் ஆதாரமாக நிற்கும்.